பீடத்து மலருக்கு ஆவணியில் விதை

இவ்விதழ் வாசகர் கைகளில் சேரும்பொழுது ஆடிக்காற்று ஓய்ந்து ஆவணி பிறந்திருக்கும். வெயில் இன்னும் தணிந்தபாடில்லை. இந்நேரத்தில் குளிர்காலப் பூக்களைப் பற்றி எழுதுவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். எனினும், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவன்று நம் வீட்டுத் தோட்டத்துப் பூ பீடத்தருகே நிற்கவேண்டுமானால், அதற்குரிய விதையை இப்பொழுதே வாங்கியாக வேண்டும். இதனை நாம் நூல்களில் படித்து அறிந்தோமில்லை; தவறு செய்து அறிந்தோம். அத்தவற்றையும் மறையாது கூறுவோம்.

எமது பங்கில் ஒரு மூதாட்டி இருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சனிக்கிழமை மாலைதோறும் பீடத்துக்குப் பூ வைப்பது அவர் பணி. எவரும் அவரை அதற்கென நியமித்ததில்லை. கணவர் இறந்த ஆண்டில் தாமாகவே தொடங்கினார் என்பர். பூவுக்கு ஆகும் செலவும் அவருடையதே. பனி விழத் தொடங்கி மல்லிகை வரத்துக் குறையும் மார்கழி, தை மாதங்களில் பூ விலை எவ்வாறு ஏறும் என்பதை இல்லத்தரசிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் முற்றத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். பார்க்கச் சென்ற எம்மிடம் தம் நோவைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.

“தம்பி, நீங்க பத்திரிகையில தோட்டத்தைப் பத்தி எழுதுறீங்களே, இந்தக் கிறிஸ்துமசுக்குப் பீடத்துப் பூ உங்க வீட்டிலேருந்து வருமா? நான் இல்லேன்னா பிளாஸ்டிக் பூவைக் கொண்டாந்து சொருகிடுவாங்க” என்றார்.

“வரும் பாட்டி” என்று வாக்களித்து வந்தோம்.

செவ்வந்தியை நட்டிருக்கலாம், ஆனால் நம் நாட்டுச் செவ்வந்தி விதையால் வளர்க்கப்படுவதன்று. அடியில் கிளைக்கும் பக்கக் கன்றுகளைப் பிரித்துச் சித்திரை, வைகாசியிலேயே நடவேண்டும். அக்காலம் கடந்துவிட்டிருந்தது. ஆகவே ஆஸ்டர் விதையை வாங்கினோம். பூக்கடையில் ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்களில், செவ்வந்தியினும் சற்றுத் தளர்ந்த இதழ்களோடு கட்டுக்கட்டாக விற்கப்படும் பூ இதுவே. சைனா ஆஸ்டர் என்பது முழுப்பெயர். விதை உறையின் பின்புறத்தில் மார்ச்சு, ஏப்ரலில் விதைக்குமாறு அச்சிட்டிருந்தது. அது பனி உருகிய பின்னரே மண்ணைத் தொடக்கூடிய நாடுகளுக்கான குறிப்பு என்பது எமக்குத் தெரிந்தே இருந்தது. மார்ச்சு மாதத்தில் நம் சமவெளியில் இதை விதைப்பவர் சித்திரை வெயிலுக்கு அதைப் பலியிடுகிறவரே. குளிர்காலப் பூவாயிற்றே, வெப்பம் தணியட்டும் என்று எண்ணி அக்டோபர் முதல் வாரம் வரை காத்திருந்தோம். அங்கேதான் பிழைத்தோமில்லை.

இப்பூக்கள் குளிரை நாடுவதன் காரணத்தை இங்கே சிறிது விளக்குவது நன்று. ஆங்கிலத்தில் ‘டெய்சி’ எனப்படும் பூவின் பெயருக்கு, அம்மொழியின் பழைய வடிவில், ‘பகலின் கண்’ என்பது பொருள். காலையில் விரிந்து மாலையில் குவிவதால் வந்த பெயர். சூரியகாந்தியும் செவ்வந்தியும், துலுக்கச் செவ்வந்தியும், ஏன், வரப்போரத்துக் கரிசலாங்கண்ணியும், காயத்துக்குக் கசக்கிப் பூசும் வெட்டுக்காயப் பூண்டும் இதன் உறவினரே. பள்ளிச் சிறுமியர் மூக்குத்திப் பூ என்று பறித்து விளையாடும் அந்தப் பூண்டின் பூவை எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். ஒரு பூ என்று நாம் எண்ணுவது உண்மையில் ஒரு பூக்கூட்டம். ஓரத்து இதழ் ஒவ்வொன்றும் ஒரு பூ. நடுவிலுள்ள மஞ்சள் வட்டம் நெருக்கமாக நிற்கும் பல சிறு பூக்கள். அவை வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கி வரிசையாக மலர்கின்றன. விதைகூட வெறும் விதையன்று. உலர்ந்த தோலுக்குள் ஒற்றை விதையைக் கொண்ட சிறு கனி. ஒரு காம்பில் இத்தனை பூக்கள் சேர்ந்திருப்பதால்தான் செவ்வந்தியும் அதன் உறவுப் பூக்களும் பறித்த பின்னரும் பல நாள் வாடாது நிற்கின்றன என்று அம்மூதாட்டி நம்பினார். அது சரியான காரணமா என்று நாம் வாதிட்டதில்லை.

இக்குடும்பத்தில் ஒரு பகுதியினர் மழையும் குளிரும் ஒருசேர வரும் நாடுகளில் தோன்றியவர்கள். மத்தியதரைக் கடற்கரையைச் சேர்ந்தது காலெண்டுலா. தென்னாப்பிரிக்காவின் மேற்குப் பகுதியான நமக்குவாலாந்தைச் சேர்ந்தது ஆப்பிரிக்க டெய்சி. அந்நாடுகளில் கோடை வறண்டது; மழை குளிர்காலத்தில் பெய்யும். எனவே அச்செடிகள் முதல் மழையில் முளைத்து, குளிரில் தழைத்து, வெப்பம் முற்றுமுன் பூத்துக் காய்த்து மடிந்து, கோடையை விதையாக உறங்கிக் கழிக்கின்றன. நம் சமவெளியில் அவற்றுக்கு ஏற்ற காலம் கார்த்திகை முதல் மாசி வரை மட்டுமே. மார்கழி இரவுகளில் நம் உள்நாட்டு ஊர்களில் வெப்பம் 20 பாகையை ஒட்டி இறங்குகிறது, ஐரோப்பியர் இதைக் குளிர் என்று ஒப்பமாட்டார், செடிகள் ஒப்புகின்றன. ஆனால் அக்காலத்தில் பூக்கவேண்டிய செடிக்கு, அதற்கு முன்பே வளர்வதற்கு நாள் வேண்டுமே! நாம் மறந்தது இதைத்தான்.

ஆஸ்டர் விதைத்த நாளிலிருந்து பூப்பதற்கு ஏறத்தாழ 100 முதல் 110 நாட்கள் ஆகும். அக்டோபர் முதல் வாரத்திலிருந்து எண்ணிப் பார்த்தால் கிறிஸ்து பிறப்பு விழா என்றோ கடந்துவிடும். அது ஒருபுறமிருக்க, எம் நாற்றுகள் அவ்வளவு நாள் பிழைத்திருக்கவுமில்லை. திறந்த பாத்தியில் எட்டாம் நாள் அழகாக முளைத்தன. பதினைந்தாம் நாள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிற்று. இரண்டே இரவுகளில் நாற்றுகள் அடித்தண்டு நூலாக நைந்து, தலை சாய்ந்து, வரிசை வரிசையாகப் படுத்துவிட்டன. நாற்றழுகல் என்பர் இந்நோயை. தேங்கிய ஈரத்தில் பெருகும் பூஞ்சை வகைகள் இதற்குக் காரணம். வந்த பின்னர் மருந்தில்லை. நவம்பர் 18 அன்று மீதமிருந்த விதையைத் தாழ்வாரத்தில் மண்தட்டில் விதைத்தோம். கிறிஸ்து பிறப்பு விழாவன்று எம் செடிகள் நான்கு விரற்கடை உயரம் இருந்தன. பீடத்தில் கடைப் பூக்களும், அவற்றின் இடையிடையே மூதாட்டி அஞ்சியவையும் இருந்தன. அன்று அவரைப் பார்க்கச் செல்ல எமக்கு மனம் துணியவில்லை, மறுநாள்தான் சென்றோம்.

முதற்பூ 2024 பிப்ரவரி கடைசி வாரத்தில் மலர்ந்தது. ஊதா நிறம், உள்ளங்கை அளவில் பாதி. அவ்வாண்டு திருநீற்றுப் புதன் பிப்ரவரி 14-லேயே வந்துவிட்டது. பூக்களை எடுத்துக்கொண்டு பங்குத் தந்தையிடம் சென்றபோது, அவர் அவற்றைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து (ஆஸ்டருக்கு மணமில்லை), திரும்பத் தந்துவிட்டார். தவக்காலத்தில் பீடத்தை மலர்களால் அணி செய்தல் கூடாது என்பது உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை வகுத்துள்ள ஒழுங்கு. வாசகரில் பலர் இதனை அறிவர். ஆண்டுதோறும் மறப்பவரும் உளர். திருவருகைக் காலத்திலும், பிறப்பின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே காட்டிவிடாதவாறு மலர்களை அளவோடு வைக்குமாறு அந்நூலே கூறுகிறது. மலர்களைப் பீடத்தின் மேற்பரப்பில் வையாது சுற்றிலும் வைக்குமாறும் அது கூறுவதை, பூச்சாடிகளின் நடுவே திருக்கிண்ணத்தைத் தேட வேண்டியிருக்கும் கோவில்களில் ஒருவரேனும் படித்தால் நலம்.

பூக்களை மூதாட்டியிடமே கொண்டு சென்றோம். நவம்பரில் விதைத்த ஆஸ்டர், பகல் குறுகிய நாட்களில் வளர்வதால், தண்டு நீளாமல் குட்டையாக நின்றுவிடும். எம்முடையவை ஒரு சாண் உயரமே இருந்தன. பீடத்துச் சாடிக்கு எவ்வகையிலும் எட்டியிரா. ஆனால் அவர் கட்டிலருகே இருந்த எவர்சில்வர் தம்ளருக்கு அளவெடுத்தவை போல் அமைந்தன. நாம் கூறிய வரலாற்றையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

“மார்ச்சு பத்தொன்பது சூசையப்பர் திருநாள். அன்னைக்குத் தவக்காலத்திலேயும் பூ வைக்கலாம், தம்பி. சாமிகிட்டக் கேட்டுப் பாருங்க. அது வரைக்கும் செடியைக் காப்பாத்துங்க போதும்” என்றார்.

அவர் கூறியது சரியே. பெருவிழாக்களுக்கும் விழாக்களுக்கும், தவக்காலத்தின் 4-ஆம் ஞாயிறாகிய மகிழ்ச்சி ஞாயிறுக்கும் அவ்வொழுங்கில் விலக்கு உண்டு. தலைப்பூவைப் பறித்துவிட்டால் ஆஸ்டரின் பக்கக்கிளைகள் மேலும் சில வாரங்கள் சிறு பூக்களைத் தரும். மாசி வெயிலுக்குத் தென்னங்கீற்று நிழல் கட்டிக் காத்தோம். மார்ச்சு 19 அன்று ஏழு பூக்கள் இருந்தன. சூசையப்பர் சுரூபத்தின் முன் ஒரு சிறு குவளையில் அவை நின்றதை எத்தனை பேர் கவனித்தனரோ அறியோம். கோவில்பிள்ளை மட்டும், “பாட்டி வந்துட்டாங்களா?” என்று கேட்டார்.

இனி, செய்முறை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆஸ்டர் வேண்டுவோர் செப்டம்பர் 8, மாதாவின் பிறப்பு விழாவை நினைவில் கொள்க. வேளாங்கண்ணிக் கொடி இறங்கிய கையோடு விதைத்தால் டிசம்பர் 25-க்குச் சரியாக 108 நாட்கள். செம்மண், ஆற்று மணல், நன்கு மக்கிய சாணம் மூன்றையும் சமமாகக் கலந்து, சலித்து, சில நாள் கடும் வெயிலில் பரப்பிக் காயவைத்தபின் அகலமான மண்தட்டில் நிரப்புக. தட்டின் அடியில் துளைகள் இருத்தல் இன்றியமையாதது. ஆஸ்டர் விதை நுண்ணியது. ஒரு கிராமில் ஏறத்தாழ 400 இருக்கும். அதனை உலர்ந்த மணலோடு கலந்து தூவினால் நெருங்கி விழாது. மேலே ஓர் இழை மண் மூடினால் போதும். பூவாளியால் காலையில் மட்டும் நீர் தெளிக்க. மாலை ஈரம் இரவெல்லாம் தங்கி அழுகலுக்கு அழைப்பு விடுக்கும். தட்டு, மழை படாத, ஆனால் வெளிச்சம் உள்ள தாழ்வாரத்தில் இருக்கட்டும். நெருங்கி முளைத்தவற்றை மனமிரங்காது களைந்துவிடுக. எமக்கு இதுவே இன்றளவும் கடினமான வேலை.

நான்கைந்து இலைகள் விட்டபின், அதாவது ஒரு மாதம் கழித்து, தொட்டிக்கு ஒன்றாகவோ, மேட்டுப்பாத்தியில் ஒரு சாண் இடைவெளியிலோ நடுக. பாத்தியாயின் ஐப்பசி மழைநீர் வடிய வழி செய்யாமல் நடவேண்டாம். சென்ற ஆண்டு ஆஸ்டர் நின்ற மண்ணில் இவ்வாண்டும் ஆஸ்டரை நடுவது பெருந்தவறு. வாடல் நோயின் பூஞ்சை மண்ணிலேயே பல ஆண்டுகள் தங்கியிருந்து, மொட்டுக் கட்டும் வேளையில் செடியை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். அசுவினி மொய்த்தால் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு அடித்துக் கலக்கித் தெளிக்கலாம். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் காமினி, பூர்ணிமா, சசாங்க் முதலிய இரகங்களை நம் நாட்டுக்கென்றே உருவாக்கித் தந்துள்ளது. கிடைக்குமானால் வெளிநாட்டு உறைகளைவிட இவற்றையே நாம் விரும்புவோம்.

இப்பூவுக்கும் நம் திருச்சபைக்கும் ஓர் உறவு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் சீனாவில் பணியாற்றிய சேசு சபைக் குருக்கள் பாரிசு நகருக்கு அனுப்பிய விதைகளால்தான் ஐரோப்பா இதனை முதன்முதலாகக் கண்டது. அன்று அது ஒற்றை அடுக்கு இதழ்கொண்ட எளிய பூ. இன்றைய அடுக்குப் பூக்கள் யாவும் பின்னர் ஐரோப்பியத் தோட்டக்காரர் தெரிந்தெடுத்து வளர்த்தவை.

அவசரக்காரர்க்கு ஏற்றது காலெண்டுலா. மஞ்சளும் செம்மஞ்சளுமான இதன் பூவையே ஐரோப்பியக் கிறிஸ்தவர் ‘மரியின் பொன்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். மெக்சிகோவிலிருந்து வந்த துலுக்கச் செவ்வந்திக்கு அப்பெயர் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. இதன் விதை சிறுகுழந்தையின் வெட்டிய நகத்துண்டு போல வளைந்து சொரசொரப்பாக இருக்கும். ஒளியில் முளைக்கத் தயங்கும். ஆகவே அரை விரற்கடை ஆழத்தில் புதைத்து மூடவேண்டும். எட்டு முதல் பத்து வாரங்களில் பூக்கும். அக்டோபர் 15, அவிலா தெரேசம்மாள் திருநாளை ஒட்டி விதைத்தால் கிறிஸ்து பிறப்புக்கு மொட்டவிழும். ஆறு இலைகளானதும் நுனிக்கொழுந்தைக் கிள்ளுக. வாடிய பூக்களை உடனுக்குடன் பறித்துவந்தால் மாசி வரை ஓயாது பூக்கும். பருவம் முடியும் தறுவாயில் இலைகளில் வெண்பொடி பூத்தது போன்ற சாம்பல் நோய் படரும். அது பெரும்பாலும் தவக்காலத்தை ஒட்டியே வருவதால் எம் வீட்டில் அதற்குத் திருநீற்று நோய் என்று பெயர்.

ஆப்பிரிக்க டெய்சியைப் பீடத்துக்கென்று எவரும் வளர்க்க வேண்டா. பாத்தியில் நண்பகலில் அதன் பளபளப்பைக் காணக் கண் கோடி வேண்டும். ஆனால் வெயில் மறைந்தால் குவிந்துவிடும். கோவிலுக்குள் கொண்டுவந்தால் திருப்பலி முடியும் வரை கண் திறவாது. மாதா கெபியைச் சுற்றி, வெயில் படும் இடத்தில் நேரடியாக விதைத்துவிட்டால் அதன் கடமையைச் செய்யும்.

திருநீற்றுப் புதன் 2027-இல் பிப்ரவரி 10. 2028-இல் மார்ச்சு 1. முந்திய ஆண்டில் கிறிஸ்து பிறப்புக்கும் தவக்காலத்துக்கும் இடையே ஏழு வாரங்களுக்குக் குறைவு. பிந்திய ஆண்டிலோ ஒன்பது வாரங்களுக்கு மேல். ஆகவே தவக்காலம் முந்தி வரும் ஆண்டுகளில் அக்டோபர் நடுவிற்குப் பின் ஆஸ்டர் விதைப்பதில் பயனில்லை. பிப்ரவரி 2, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக்கிய விழாவை எல்லையாகக் கொண்டு பின்னோக்கி எண்ணி விதைத்துவருவதே எம் இப்போதைய வழக்கம்.

கொடைக்கானலிலும் நீலகிரியிலும் வாழும் வாசகர்க்கு இக்கணக்குகள் பொருந்தா. அங்கே கோடையும் குளிர்ச்சியே. சமவெளியில் நாம் கனவு காணும் ஆங்கில டெய்சியை, விதையை மண்ணால் மூடாமல் மேலே தூவி ஒளிபட வைத்து, அவர்கள் எளிதில் வளர்க்கலாம். உறைபனி விழும் இரவுகளில் மட்டும் நாற்றுகளை மூடிவைத்தல் வேண்டும். கொடைக்கானல் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த அயல்நாட்டுச் செடிகளைப் பற்றிச் சேசு சபைக் குருவும் தாவரவியல் அறிஞருமான அருட்தந்தை கே. எம். மாத்யூ 1969-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார். அருகிலுள்ள கல்லூரி நூலகத்தில் கிடைத்தால் பார்க்கலாம்.

பறிப்பதிலும் ஒரு முறை உண்டு. இது மூதாட்டி கற்பித்தது. சனிக்கிழமை மாலைக்கு வேண்டிய பூவை அன்று விடியற்காலையிலேயே, ஓரத்து இதழ்கள் முழுதும் விரிந்து நடுவட்டம் அவிழத் தொடங்கும் நிலையில், நீண்ட காம்போடு வெட்டுக. நீருக்குள் அமிழும் இலைகளையெல்லாம் உருவிவிடுக; ஆஸ்டர் இலை அழுகினால் சாடி நீர் நாறும். நாள்தோறும் நீரை மாற்றினால் அடுத்த சனிக்கிழமை வரை தாங்கும்.

அந்த ஏழு பூக்களையும் விழா முடிந்தபின் திரும்பப் பெற்றோம். ஆனால் அவற்றில் விதை பிடிக்கவில்லை. செடியிலேயே விட்டுவைத்த இரண்டு பூக்கள் பங்குனி வெயிலில் காய்ந்து, நடுவே பஞ்சு தோன்றியபின், அவற்றை உதிர்த்து ஒரு கைப்பிடி விதை சேர்த்தோம். ஆஸ்டர் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் தாய்ச்செடியின் நிறமே பெரிதும் திரும்ப வரும். விதைக்கு ஆயுள் குறைவு. ஓராண்டு கடந்தால் முளைப்பு வெகுவாகக் குன்றிவிடும். உலர்ந்த அடுப்புச் சாம்பல் தூவி, மூடியுள்ள புட்டியில் இட்டு, ஈரம் படாத இடத்தில் வைத்திருந்து, அவ்வாண்டே விதைத்துவிடவேண்டும்.

அவ்விதையை 2024 செப்டம்பர் 8 அன்று விதைத்தோம். நாற்று நட்டபின் மூதாட்டியைக் காணச் சென்றபோது அவருக்குப் பேச்சுத் தளர்ந்திருந்தது. “போட்டாச்சா?” என்று மட்டும் கேட்டார். “போட்டு நட்டும் ஆயிற்று, பாட்டி, தாழ்வாரத்தில் இருக்கிறது, மழை படாது” என்றோம். ஐப்பசியில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு சாடி நிறைய ஊதாப் பூக்கள் கோவிலுக்குச் சென்றன; குடிலுக்குப் பக்கத்தில் ஒன்றும், வாசக மேடைக்குக் கீழே ஒன்றுமாக வைத்தோம். பின்னர் அவற்றை எடுத்துச் சென்று வைக்கவேண்டிய இடம் எது என்பதைக் கோவில்பிள்ளையே சொல்லிவிட்டார்.

எம்மிடம் இவ்வாண்டுக்குப் போக மிஞ்சிய விதை கொஞ்சம் இருக்கிறது. அஞ்சல்தலை ஒட்டிய உறையுடன் இதழின் முகவரிக்கு எழுதும் வாசகர்க்கு, கையிருப்புத் தீரும் வரை, ஆளுக்கு ஒரு சிட்டிகை அனுப்பிவைப்போம். செப்டம்பர் 8-க்குள் கைசேருமாறு முன்கூட்டியே எழுதுக. அடுத்த திங்கள், கெபியின் நிழலில் வளர்க்கத்தக்க பெரணிகளைப் பற்றி எழுதுவோம்.